நீங்கள் எனக்காகப் போட்ட 'சரி'

இன்று காலை பத்து மணிக்குக் கரண்ட் போனது. லாட்ஜ் வரவேற்பு மேசையில் கணினித் திரை கறுத்த அந்த நொடியில், "அவருக்கும் போயிருக்கும்" என்று நினைத்தேன். நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. என் புத்திக்கு அது இன்னும் ஏறவில்லை. ஏற்காட்டில் கரண்ட் போனால் மாரமங்கலத்திலும் போகும், அங்கே நீங்களும் பாதி வாக்கியத்தில் நின்றிருப்பீர்கள் என்று நினைத்தே பழகிவிட்டது. பழக்கத்துக்கு யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதெல்லாம் தெரிவதில்லை.

கணினி இல்லாததால் லாட்ஜ் லெட்டர் பேடில் எழுதுகிறேன். இன்று மாலை ஆறு மணிக்குள் நம் கணவாய்க்காரர்களுக்கு நான் ஒரு பதில் சொல்ல வேண்டும். மறுபடியும் செயலியை மாற்றப் போகிறார்கள். சரி என்றோ வேண்டாம் என்றோ ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். ஒருவர் வேண்டாம் என்றாலும் மாற்றக் கூடாது என்ற நம் வழக்கம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. எல்லோரும் சொல்லியாகிவிட்டது. நான் மட்டும்தான் பாக்கி. போன தடவை கடைசியாகப் பாக்கி இருந்தவர் நீங்கள். அதனால்தான் உங்களிடம் பேச வேண்டும்போல் இருக்கிறது.

கணவாய் என்றால் என்னவென்று என் வீட்டுக்காரருக்குப் புரியவைக்கவே எனக்கு இரண்டு வருடம் ஆனது. ஒருவரை ஒருவர் பார்த்திராத முப்பது பேர், ஒரு அரட்டை அறையில் கூடி, இல்லாத ஒரு மலைக் கணவாயைப் பற்றித் தினமும் எழுதுவார்கள். ஆளுக்கு ஒரு வேடம். அவரவர் ஆள் பேசுவதை, நடப்பதை அவரவர்தான் எழுத வேண்டும். நான் உப்பு வியாபாரம் செய்யும் அல்லி. நீங்கள் கணவாயின் வாயிற்காவலன் கூத்தன். "இது நாடகமா, கதையா, வெளையாட்டா?" என்று அவர் கேட்டார். "மூணுந்தானுங்க" என்றேன். "அப்ப சோறு யாரு ஆக்கறது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

கூத்தன் எப்பேர்ப்பட்ட வாயாடி! லஞ்சம் கேட்பான், பொய் சத்தியம் செய்வான், பக்கத்து நாட்டு இளவரசி தன்மேல் ஆசைப்பட்டதாகப் பீற்றிக்கொள்வான். என் உப்பு மூட்டையைக் குத்திப் பார்த்து, "இதில் பாதி மணல், மீதி உன் கண்ணீர்" என்று ஒருமுறை எழுதினீர்கள். அன்று வரவேற்பு மேசையில் உட்கார்ந்து நான் சிரித்த சிரிப்பில், அறை கேட்டு வந்த புதுமணத் தம்பதி பயந்துபோனார்கள். அப்படி எழுதுகிறவர் சென்னையில் ஏதோ விளம்பரக் கம்பெனியில் இருப்பார் என்று நினைத்திருந்தேன். பஸ்ஸில் ஒரு மணி நேரத் தொலைவில், மிளகுக் கொடிக்கு நடுவே நின்று எழுதுகிறார் என்று யார் கண்டது?

நம் இருவரையும் சேர்த்துவைத்தது கரண்ட்தான். மலையில் அது போனால் என் கணினியும் அணையும், உங்கள் போனுக்கு வரும் சிக்னலும் போய்விடும். கரண்ட் போகும்போதெல்லாம் அல்லியும் கூத்தனும் ஒரே நேரத்தில் காணாமல் போனார்கள், ஒரே நேரத்தில் திரும்பி வந்தார்கள். ஒரே ஆள் இரண்டு பெயரில் எழுதுவது கணவாயில் பெரிய குற்றம். அறையைப் பார்த்துக்கொள்ளும் கோலாலம்பூர் அக்கா ஒருநாள் எல்லோர் முன்னிலையிலும் கேட்டேவிட்டார், "நீங்கள் இருவரும் ஒருவர்தானே?" என்று. எனக்கு அவமானமாகப் போய்விட்டது. நான் ஏற்காடு என்று எழுதினேன். கொஞ்ச நேரம் கழித்து நீங்கள் மாரமங்கலம் என்று எழுதினீர்கள். அறையில் ஒருவரும் நம்பவில்லை. எனக்கே நம்பிக்கை வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, குற்றவாளிகள் இருவரும் இந்த லாட்ஜில் வந்து தங்களை நிரூபிக்க வேண்டியிருந்தது. நீங்கள் உங்கள் மனைவியையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினீர்கள். ஒல்லியாக, முழுக்கைச் சட்டையின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, ஒரு பை நிறையக் கொய்யாப்பழத்துடன் வாசலிலேயே நின்றீர்கள். "ஏனுங்க, உள்ள வரலாமுங்களா?" என்றீர்கள். அதற்குமேல் கால் மணி நேரம் உங்களிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. இவரா கூத்தன் என்று எனக்குத் தோன்றியதை உங்கள் வீட்டு அக்கா கண்டுபிடித்துவிட்டார். "ஊட்டுலயும் இப்படித்தான் கண்ணு. பேச்சு பூராவும் அந்தப் போனுக்குள்ள போயிருது" என்றார்.

எதிரில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று ஒரே நேரத்தில் அரட்டை அறையில் எழுதச் சொன்னார் கோலாலம்பூர் அக்கா. நான் மரியாதையாக, "எதிரில் ஒருவர் அமைதியாகக் காபி குடிக்கிறார்" என்று எழுதினேன். நீங்கள் எழுதியது: "எதிரில் ஒரு அம்மணி, மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்துக்கொண்டு மேசை முழுக்கக் கண்ணாடியைத் தேடுகிறார்." அறையே சிரித்தது. தன்னைத் தானே இந்த அளவுக்கு வாருகிற ஆள் உலகத்தில் கிடையாது என்று சொல்லி நம்மை விடுதலை செய்தார்கள். நான் நிமிர்ந்து பார்த்தபோது நீங்கள் காபி டம்ளருக்குள் முகத்தை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

அதற்குப் பிறகு ஐந்து வருடம். அந்தப் பழைய மென்பொருளில் படம் கிடையாது, குரல் கிடையாது, சாம்பல் நிறத் திரையில் வெறும் எழுத்து மட்டும்தான். அதனால்தான் அது உங்களுக்கு எட்டியது. ஒருவர் முறை வந்தால் அவர் எழுதும்வரை மற்றவர்கள் காத்திருப்போம். மழையா, வேலையா, காட்டெருமை வழியை மறித்ததா என்று யாரும் கேட்டதில்லை. நீங்கள் ஒரு வரிக்கு இருபது நிமிடம் எடுத்துக்கொள்வீர்கள். அந்த இருபது நிமிடத்தில் நான் இரண்டு அறைகளுக்குச் சாவி கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தால், என்ன வரப்போகிறதோ என்று திரையையே பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது எதற்கும் அப்படிக் காத்திருப்பதில்லை. காத்திருக்கும்படி யாரும் எழுதுவதும் இல்லை.

பிறகு, அந்த மென்பொருளை நடத்தி வந்தவர் தன்னால் இனி முடியாது என்று சொல்லிவிட்டார். நம்மில் யாராவது எடுத்து நடத்தலாம், அல்லது எல்லோரும் போனில் இருக்கிற புதுச் செயலிக்குப் போகலாம். எத்தனை கவலைகள்! கொள்ளைக்காரியாக எழுதும் பள்ளி ஆசிரியைக்குத் தன் நம்பர் வெளியே தெரிந்துவிடுமோ என்று பயம். மட்டக்களப்புத் தம்பிக்கு ஐந்து வருடத்து எழுத்தெல்லாம் அழிந்துவிடுமே என்ற துக்கம். மதுரைக்காரர், எல்லோரும் பொம்மைப் படம் அனுப்ப ஆரம்பித்தால் கதை என்ன ஆகும் என்று கேட்டார். ஒவ்வொரு கவலைக்கும் ஒரு சமாதானம் கண்டுபிடித்தோம். ஒவ்வொருவராகச் சரி என்றார்கள். நீங்கள் மட்டும் "எங்கள் மேட்டில் அது திறக்காது. வேண்டாம்" என்று எழுதிவிட்டு நின்றுவிட்டீர்கள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நீயும் அதே மலைக்காரி, நீ போய்ப் பேசு என்றார்கள். நானும் பெரிய தூதுவர் மாதிரி பஸ் ஏறினேன்.

உங்கள் வீட்டு வாசலில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. நீங்கள் என்னைத் தோட்டத்துக்கு மேலே அந்தப் பாறைக்குக் கூட்டிப் போனீர்கள். போனை உயர்த்திக் காட்டினீர்கள். ஒரே ஒரு கோடு வந்தது, போனது, வந்தது.

"இதுல எழுத்து போகுமுங்க அம்மணி. அது மட்டுந்தான் போகும்" என்றீர்கள்.

"டவர் வரப்போகுதுன்னு சொல்றாங்களேங்ணா."

"நொம்ப வருசமா சொல்றாங்க."

அப்போது நான் சொன்னது எனக்கு ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் இருக்கிறது. "உங்க ஒருத்தருக்காக அத்தனை பேரும் நிக்கறோமுங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் உங்கள் முகம் எப்படியோ ஆகிவிட்டது. யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று நினைக்கிற மனிதரிடம் போய் நீதான் பாரம் என்று சொல்லியிருக்கிறேன். அது அன்றே எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் பேசாமல் நின்றேன், ஏனென்றால் எனக்குப் புதுச் செயலி வேண்டியிருந்தது. மேசையில் கட்டிப் போட்டதுபோல் உட்காராமல், நடந்துகொண்டே போனில் சுலபமாக எழுதலாம் என்ற ஆசை. அவ்வளவு அற்பமான காரணம்தான்.

நீங்கள் அந்தப் பாறையிலேயே உட்கார்ந்து 'சரி' என்று எழுதி அனுப்பினீர்கள். கீழே வந்ததும் அக்கா கேட்டார், "சரின்னு போட்டுட்டீங்களா?"

"அம்மணி இத்தன தூரம் பஸ்ஸேறி வந்திருக்கறாங்க. பின்ன?" என்றீர்கள். எனக்குச் சாமைச் சோறு போட்டீர்கள். வெட்கமில்லாமல் இரண்டாவது முறையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

நீங்கள் சொன்னபடியே உங்கள் மேட்டில் அந்தச் செயலி ஒருநாளும் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் லாட்ஜுக்கு வருவீர்கள். ஜன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, அந்த வாரம் நடந்ததையெல்லாம் முதலிலிருந்து படிப்பீர்கள். படித்து முடிப்பதற்குள் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். ஒரு வரி எழுதுவீர்கள். அந்த வரிக்குப் பதில் வரும்போது நீங்கள் வழியில் எங்கோ பஸ்ஸில் இருப்பீர்கள். புதுச் செயலியில் யாருக்கும் காத்திருக்கப் பொறுமை இல்லை. கூத்தன் கதவைத் திறக்கும்வரை நிற்க முடியாமல், வணிகர்கள் கணவாயைச் சுற்றிப் போக ஒரு புது வழி கண்டுபிடித்தார்கள். அதில் முதலில் போனது என் அல்லிதான். அதைப் படித்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நீங்கள் சாதாரணமாகச் சொன்னீர்கள், "வாசல்ல ஆளில்லீன்னா சனம் சுத்திக்கிட்டுப் போறது தானுங்களே அம்மணி."

கோபப்பட்டிருக்கலாம். நான் எதிர்பார்த்தது அதைத்தான். கூத்தனாக இருந்தால் என்னை நாலு வார்த்தை கேட்டிருப்பான்.

இரண்டு ஞாயிறு வரவில்லை. மிளகுப் பறிப்பு என்று நினைத்தேன். மூன்றாவது ஞாயிறும் வராதபோது, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று எனக்கு உங்கள்மேல் கோபம்கூட வந்தது. அப்புறம் உங்கள் வீட்டு அக்கா போன் செய்தார். காய்ச்சல் நுரையீரலுக்குப் போய், சேலம் ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்து, எல்லாம் முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. "உங்க நம்பர் எதுன்னு தெரியாம தேடிக்கிட்டே இருந்தேன் கண்ணு. அவரு போன்ல உங்களுக்கு அல்லின்னு பேரு போட்டு வச்சிருக்காரு" என்றார்.

கணவாயில் உங்கள் சொந்தப் பெயர் ஒருவருக்கும் தெரியாது. "கூத்தனாக எழுதியவர் இறந்துவிட்டார்" என்றுதான் எழுத வேண்டியிருந்தது. அன்று முழுவதும் யாரும் கதை எழுதவில்லை. மட்டக்களப்புத் தம்பி கேட்டான், "அவர் பார்க்க எப்படி இருப்பார்?" உங்களைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். முழுக்கைச் சட்டை என்று எழுதினேன். கொய்யாப்பழம் என்று எழுதினேன். சிரிப்பை எழுத வரவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் செயலி இப்போது எல்லோரையும் முகத்தைக் காட்டு, வயதை நிரூபி என்று கேட்கிறதாம். அதனால் வேறொன்றுக்குப் போகலாம் என்கிறார்கள். நியாயமான காரணம்தான். ஆனால் ஆறு மாதம் முன்பு புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். தர்மபுரிப் பக்கம் நூல் மில்லில் வேலை, விடுதியில் தங்கல். கிளி ஜோசியக்காரியாக எழுதுகிறாள். நீங்கள் படித்திருந்தால் உங்களுக்குப் பிடித்துப்போயிருக்கும், உங்களைப் போலவே அண்டப்புளுகு. நேற்று அவள் எழுதியிருந்தாள்: "அந்தப் புதுசு என் போன்ல ஏறல அக்கா. பழைய போனு. பரவால்ல, நான் சரின்னே போட்டுட்டேன். நீங்க எல்லாரும் போங்க. இத்தனை நாள் இருந்ததே சந்தோசம்."

அதன் கீழே ஆறேழு பேர் கைகூப்புகிற பொம்மை போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு உங்கள் முகம்தான், அந்தப் பாறையில் பார்த்த முகம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் வந்துவிட்டது. பேனாவை வைத்துவிட்டு, கணினியில் அரட்டை அறையைத் திறந்து 'வேண்டாம்' என்று எழுதிவிட்டு வந்தேன்.

கோலாலம்பூர் அக்காவுக்கு வருத்தம். "ஏன்?" என்று கேட்டார்.

"ஒருத்தருக்கு அது தெறக்காதுங்க" என்றேன்.

"அவளே சரின்னு சொல்லிட்டாளே?"

"அதனாலதானுங்க."

இனி வேறு வழி தேட வேண்டும், அதற்கு நாளாகும், என்னைச் சிலர் திட்டவும் செய்வார்கள். திட்டட்டும். நீங்கள் விழுங்கிய அந்த 'வேண்டாம்' இத்தனை நாளும் என்னிடம்தான் இருந்தது, அண்ணா. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் வைத்திருந்தேன். இன்று ஒரு இடத்தில் வைத்திருக்கிறேன். மனம் கொஞ்சமும் லேசாகவில்லை. அன்று உங்களுக்காக இப்படிச் சொல்ல ஒருவர் வந்திருக்க வேண்டும். பஸ் ஏறி வந்தவள் நான்தானே.