எந்த மேஜையில் உட்காருவது

ப்ளோவ்டிவ்,
பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ரலிட்சாவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை யோஸ்ட்டும் ரோட்டர்டாமில் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் என் நினைப்பு. இங்கே குளிர் கொஞ்சம் விட்டிருக்கிறது. நம் கட்டடத்து லிஃப்ட் நவம்பரிலேயே நின்றுபோனது, இன்னும் சரிசெய்யவில்லை. மூன்றாம் மாடிக்காரர் தன் பங்கைத் தரமாட்டேன் என்கிறார். அவர் தராதபோது நாங்கள் மட்டும் ஏன் தர வேண்டும் என்று மற்றவர்கள் கேட்கிறார்கள். எனக்குப் பள்ளியில் இந்த வருடம் கூடுதல் வகுப்புகள். பிள்ளைகளுக்கு வரைபடத்தில் ஹாலந்தைக் காட்டும்போது மட்டும் என் கை அங்கேயே சற்று நின்றுவிடுகிறது.

ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். ஃபோனில் அப்பா பேச்சை எடுத்தாலே நீ வைத்துவிடுகிறாய். போன தடவை வைப்பதற்கு முன்னால், "குடிக்கறவங்க பாட்டிலைக் குத்தம் சொல்வாங்க, நீங்க மாத்திரையைக் குத்தம் சொல்றீங்க" என்றாய். நீ அப்படிச் சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் பாதியில் கேட்டதால் உனக்குப் பாதிதான் தெரியும். கடிதத்தை நீ மடித்துப் போட்டாலும் என்றாவது எடுத்துப் படிப்பாய் என்ற நம்பிக்கையில் முழுவதையும் எழுதுகிறேன்.

உன் அப்பா என்ன தொழில் செய்தார் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். பள்ளியில் கேட்டால் "அப்பா கணக்கு பாக்கறாரு" என்று சொல்லிவிட்டு வருவாய். ஒரு வகையில் அது உண்மைதான். சாயங்காலம் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு ஓட்டலின் சீட்டு கிளப்புக்குப் போவார். உடனே உட்கார்ந்துவிட மாட்டார். ஒரு காபி வாங்கிக்கொண்டு எல்லா மேஜைகளையும் சுற்றி வருவார். யார் சம்பளம் வாங்கிய கையோடு வந்திருக்கிறார்கள், யார் மனைவியோடு சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள், யார் ஆட வந்தவர்கள், யார் பிழைக்க வந்தவர்கள் என்று பார்ப்பார். தனக்கேற்ற மேஜை இல்லையென்றால் காபியைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். பாதி நாட்கள் அப்படித்தான் வருவார். "இன்னைக்கு ஆடாம வந்தேன்டி நெவேனா, அதுதான் இன்னைய சம்பாத்தியம்" என்பார். அந்தச் சம்பாத்தியத்தில்தான் இந்த வீடு வந்தது. நீ படித்ததும் அதில்தான்.

கிளப்பில் அப்பாவோடு அத்தனை வருடம் ஆடிய நம் காமென் மாமாதான் முதலில் ஆன்லைனுக்குப் போனார். கிளப்பில் ஒரு சாயங்காலம் முழுக்க வரும் சீட்டு, கம்ப்யூட்டரில் ஒரு காபி ஆறுவதற்குள் வந்துவிடும் என்று அப்பாவையும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அப்பா மசியவில்லை. முகம் பார்க்காமல் எப்படி மேஜையைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் அவர் கேள்வி.

பிறகு அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. போக்கர் மேஜையில் கை நடுங்கினால் பெரிய சீட்டு வந்திருக்கிறது என்று அர்த்தம். பொய்யாகப் பந்தயம் கட்டுகிறவன் கையை இறுக்கி வைத்துக்கொள்வான். அதனால் முதல் சில மாதங்கள் அப்பாவின் விரலைப் பார்த்தே எதிரில் இருந்தவர்கள் சீட்டைக் கீழே போட்டார்கள். "வியாதி எனக்குச் சம்பாதிச்சுக் குடுக்குது" என்று வீட்டுக்கு வந்து சிரிப்பார். எத்தனை நாளைக்கு அது? ஒருநாள் அவர் சீட்டு கலைத்துக்கொண்டிருந்தபோது, அவரிடம் எத்தனையோ தடவை தோற்ற ஒரு பல் டாக்டர், "லுபென், சீட்டைக் கலைக்கிறியா, தாலாட்டறியா?" என்று கேட்டிருக்கிறார். மேஜையே சிரித்ததாம். அப்பாவும் கூடச் சிரித்தாராம். வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அதன் பிறகு கிளப்புக்குப் போகவில்லை.

நம் சமையலறையில் உட்கார்ந்துதான் காமென் மாமாவும் அவரும் பேசி முடிவு செய்தார்கள். "வீட்ல உக்காந்து ஆடினா உன் கையை யாருடா பாக்கப் போறா?" என்றார் மாமா. "அவங்க கையை நானும் பாக்க முடியாதே" என்றார் அப்பா. கடைசியில் ஒத்துக்கொண்டார். ஒரே ஒரு மேஜை, தெரிந்த ஆட்டம் மட்டும், சின்னப் பந்தயம், மத்தியானச் சாப்பாட்டோடு நிறுத்திவிட வேண்டும் என்று அவரே தனக்கு விதி வைத்துக்கொண்டார். அந்த முதல் வருடம் அப்படியே நடந்தார். ரோஜா எண்ணெய் வியாபாரி கடையைத் திறந்து மூடுவதுபோல ஒழுங்காக லேப்டாப்பைத் திறந்து மூடினார்.

அடுத்த இலையுதிர் காலத்தில், நடுக்கத்துக்குக் கொடுத்துவந்த மாத்திரையை டாக்டர் மாற்றினார். அதிசயம்போல இருந்தது. சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார். சந்தைக்கு என்னோடு நடந்து வந்து மிளகாயும் தக்காளியும் பேரம் பேசினார். நான் மாதாகோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். அடுத்த முறை போனபோது, சூதாட்டத்தில் ஆசை அதிகமாகியிருக்கிறதா என்று டாக்டர் எல்லோரிடமும் கேட்கிற மாதிரி கேட்டார். அப்பா, "முப்பது வருஷமா அதுல சோறு திங்கறேன் டாக்டர்" என்றார். டாக்டரும் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அந்தக் கேள்வி அதோடு போயிற்று.

உன் கல்யாணத்தைப் பற்றி எழுதாமல் தாண்டிப் போகத்தான் பார்த்தேன். முடியவில்லை. ரொட்டியைப் பிய்த்து உங்கள் இருவருக்கும் தேனில் தொட்டு ஊட்ட வேண்டிய நேரத்தில் அப்பாவைக் காணவில்லை. பாட்டுக்காரர்கள் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். எல்லோரும் தேட, நீதான் போய்க் கண்டுபிடித்தாய். மழையில் நின்ற காருக்குள் ஃபோனை வைத்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார். "இந்த ஆட்டம் முடியட்டும், வரேன்" என்றார் என்று சொன்னாய். திரும்பி வந்து என் தோளில் சாய்ந்து, "அப்பா என்னைப் பாக்கவே இல்லம்மா" என்று நீ அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. நீ ஹாலந்து போன பிறகு அவர் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆடிக்கொண்டே இருந்தார். காரை விற்றார். சேமிப்பும் போயிற்று. அதையெல்லாம் நீ அறிவாய். நீ அறியாதது இனிமேல்தான்.

போன வசந்தத்தில் ஒரு மத்தியானம் காமென் மாமா லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். கோட்டைக் கூடக் கழற்றவில்லை. அப்பாவின் ஆன்லைன் சீட்டுக் கணக்கை யாரோ திருடிவிட்டார்கள் என்றார். அப்பாவின் பெயரில் அங்கே ஒருவர் ஆடுவதை மாமா ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நாலு சீட்டு ஆட்டம், அப்பாவுக்குப் பிடிக்கவே பிடிக்காதது, அதில் உட்கார்ந்திருக்கிறார். ஒரே நேரத்தில் ஏழெட்டு மேஜை. மேஜைக்கு மேஜை ஆட்டத்தில் பெரும் புலிகள். ஏமாளி ஒருவர்கூட இல்லை. "தோக்கறதுல ஆச்சரியம் இல்ல நெவேனா, யார் வேணா தோப்பாங்க. ஆனா லுபென் இந்த மேஜைல உக்காரவே மாட்டான். இது வேற ஆள்" என்றார்.

நான் உள் அறைக் கதவைத் திறந்து காட்டினேன். அப்பா திரை முன்னால் இருந்தார். காமென் மாமா பின்னால் வந்து நின்றது அவருக்குத் தெரியவில்லை. மாமா வெகு நேரம் திரையைப் பார்த்தார். பிறகு சமையலறைக்கு வந்து உட்கார்ந்து, தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார்.

டாக்டரிடம் இந்த முறை மாமாவும் வந்தார். எவ்வளவு போயிற்று என்று அவர் சொல்லவில்லை. எந்தெந்த ஆட்டத்தில், யார் யாரோடு உட்கார்ந்தார் என்று மட்டும் சொன்னார். அது ஏன் பெரிய விஷயம் என்று டாக்டர் கேட்டார். சாராயத்தையே தொடாதவன் பெட்ரோலைக் குடித்தால் எப்படியோ அப்படி என்றார் மாமா. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்த மாத்திரை சிலருக்கு இப்படிச் செய்யும் என்றார். ஆசையைத் தூண்டிவிட்டு, போதும் என்று சொல்லும் இடத்தை அடைத்துவிடுமாம். மற்ற நோயாளிகளிடம் சீக்கிரம் தெரிந்துவிடும். உன் அப்பா தொழிலே சீட்டு என்பதால் அதன் பின்னால் மறைந்துகொண்டது. நாம் எல்லோரும் அவருடைய தொழிலைப் பார்த்துக்கொண்டிருந்தோம் ரலிட்சா. அவரைப் பார்க்கவில்லை.

இரண்டு வழி இருக்கிறது என்றார் டாக்டர். மாத்திரையைத் தொடரலாம், அப்படியானால் இன்டர்நெட்டை வெட்டி, வங்கிக் கணக்கை என் பெயருக்கு மாற்றி, நான் அவருக்குக் காவல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தலாம். நடை போய்விடும், கை போய்விடும், மனசும் கொஞ்ச காலம் இருண்டு கிடக்கும். அப்பா யோசிக்க அவகாசம் கேட்டார். மறுநாள் காலையில் லிண்டன் பூத் தேநீரோடு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"மாத்திரை போட்டா நடப்பேன். ஆனா நடந்து எங்க போவேன்னு எனக்கே தெரியாது. இந்த மேஜைல இருந்து எழுந்திரிச்சுடறேன் நெவேனா" என்றார்.

அவ்வளவுதான். அன்றே லேப்டாப்பைக் காமென் மாமாவிடம் கொடுத்தனுப்பினார்.

கோடை முழுக்க அவர் பட்டதை நான் எழுதப் போவதில்லை. வேர்த்துக் கொட்டும். சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். இப்போது அந்த ஆசை விட்டுவிட்டது, அது நிச்சயம். ஆனால் கைத்தடி இல்லாமல் அறையைத் தாண்ட முடியாது. லிஃப்ட் இல்லாததால் நவம்பருக்குப் பிறகு தெருவைப் பார்க்கவில்லை. முகமும் இறுகிவிட்டது. சிரித்தால் தோள் மட்டும் குலுங்கும், முகத்தில் ஒன்றும் தெரியாது. திரிஃபோன் திருநாளன்று வழக்கம்போல திராட்சைக் கொடி கத்தரித்துவிட்டு ஒயினோடு வந்த காமென் மாமா, "சீட்டு மேஜைல எதையும் காட்டிக்குடுக்காத இந்த மூஞ்சிக்காகத்தான்டா நாம எல்லாரும் ஆயுசு பூரா பாடுபட்டோம்" என்றார். அப்பாவின் தோள் குலுங்கியது. மாமா எழுந்து போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டார்.

ஜனவரியில் ஒரு நாள் அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன். பாதி முகத்தில் நுரையோடு, நான் ஒன்றுமே கேட்காதபோது, பேச ஆரம்பித்தார். குரலும் இப்போது தாழ்ந்துவிட்டது, குனிந்துதான் கேட்க வேண்டும்.

"வெள்ளை டிரஸ்ஸோட ஓரமெல்லாம் சேறு. செருப்பைக் கையில பிடிச்சிருந்தா. தலைல வச்ச பூ ஒண்ணு காதுகிட்ட தொங்கிட்டிருந்தது. அவ நெனைக்கிறா, நான் பாக்கலன்னு. நான் பாத்தேன் நெவேனா. பாத்துக்கிட்டேதான் அடுத்த சீட்டைத் திறந்தேன்."

நான் கத்தியைக் கீழே வைத்தேன். இதை உன்னிடம் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பதே உனக்கு நல்லது என்றார். நான் இப்போது சொல்லிவிட்டேன். இரண்டில் எது உனக்குக் குறைவாக வலிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை, கண்ணு. ஆனால் அவர் உன்னைப் பார்த்தார். அங்கேயிருந்து எழுந்து வர முடியாத ஒருவர் உன்னைப் பார்த்தார்.

இவ்வளவு எழுதியும், போன வாரம் ஃபோனில் நீ சொன்ன செய்தியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே என்று நினைப்பாய். எழுதினால் அழுதுவிடுவேன் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். எனக்குப் பேரனோ பேத்தியோ வரப்போகிறது. நீ காலையில் வெறும் வயிற்றோடு எழுந்து நடக்காதே, படுக்கையிலேயே இரண்டு காய்ந்த ரொட்டித் துண்டு தின்றுவிட்டு எழுந்திரு. சைக்கிளை நிறுத்து. யோஸ்ட்டிடம் நான் சொன்னேன் என்று சொல்.

"அப்பாகிட்ட சொல்லாதீங்க, அவருக்கு இதுல பங்கு கிடையாது" என்றாய். சரி என்றேன். வாக்குத் தவறவில்லை. ஆனால் அன்றைக்கு நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஃபோனை வைத்துவிட்டு அறைக்குள் வந்தேன். யாரென்று கேட்டார். பள்ளியிலிருந்து என்றேன். முன்பு மேஜையைச் சுற்றி வரும்போது பார்ப்பாரே, அந்த மாதிரி என் முகத்தைப் பார்த்தார். என்னால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் முடியவில்லை.

"யாருன்னு கேக்க மாட்டேன்" என்றார். "நல்ல சேதின்னு மட்டும் தெரியுது. அவ நல்லா இருக்காள்ல, அது போதும்."

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கப்புறம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஃபோன் மணி அடித்தால் தடியை ஊன்றி, தானாகவே எழுந்து உள் அறைக்குப் போய்விடுகிறார், நான் உன்னோடு தாராளமாகப் பேசட்டும் என்று. அவர் அங்கே போய்ச் சேர்வதற்குள் சில சமயம் நீ பேசி முடித்துவிடுகிறாய்.

நீ வர வேண்டாம். அவரோடு பேச வேண்டாம். மன்னிக்கச் சொல்லியும் கேட்கவில்லை. அது உன் மனசு. அவரிடம் சொல்ல எனக்கு அனுமதி மட்டும் கொடு. ஒரே ஒரு வார்த்தை, "சொல்லுங்க" என்று எழுதினால் போதும்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். உனக்குள் இருக்கும் சின்ன உயிருக்கு ஒரு குறையும் வராமல் கடவுள் காக்கட்டும். அதற்கு இரண்டு தாத்தாக்கள் இருக்கட்டும்.

உன் பதிலை எதிர்பார்த்து,
அம்மா
நெவேனா