பாதிப் பென்சில்

ராத்தா,

இன்று காலை என் மகளுக்கு அடித்துவிட்டேன். எட்டு வயதுப் பிள்ளை. என் மேசை லாச்சியைத் திறந்து, அடியில் கிடந்த ஒரு பாதிப் பென்சிலை எடுத்து, கட்டருக்குள் வைத்துச் சீவத் தொடங்கியிருக்கிறாள். அந்த மரத்தூள் மணம் நான் உட்கார்ந்திருந்த இடம் வரைக்கும் வந்தது. எழுந்து போய்ப் பறித்த வேகத்தில் கையும் நீண்டுவிட்டது. ஒரு துண்டுப் பென்சிலுக்கா இவ்வளவு கோபம் என்று மனைவி கேட்டாள்.

கோபம் பிள்ளை மேல் அல்ல. அந்த நேரம் வானொலியில் செய்தி போய்க்கொண்டிருந்தது. ஈராக்கில் தேடி முடித்துவிட்டார்களாம். அணுகுண்டும் இல்லையாம், அதைச் செய்வதற்கான வேலையும் நடக்கவில்லையாம். ‘கண்டுபிடிக்கப்படவில்லை’ என்று வாசித்துவிட்டு, அதே குரலில் மழை நிலவரத்தை வாசித்தான். பதின்மூன்று பதினான்கு வருடம் ஒரு நாட்டைப் பட்டினி போட்டு, கடைசியில் படையோடு புகுந்து இடித்து, தெருத் தெருவாகக் கிளறிவிட்டு, கண்டுபிடிக்கப்படவில்லையாம்.

நீங்கள் மௌத்தாகி, உங்களை அடக்கி ஐந்து வருடமாகிறது. இந்தச் செய்தியைக் கேட்டால் என்னைப் போலவே கொதிக்கக்கூடிய ஆள் இந்த ஊரில் நீங்கள் ஒருவர்தான். நோன்புக்கு இன்னும் ஒரு கிழமை இருக்கிறது. மையவாடிக்குப் போய் உங்கள் கபுறடியில் நின்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் சொல்ல வேண்டியது செய்தி மட்டும் இல்லை. நின்றுகொண்டு சொல்ல எனக்குத் தைரியம் போதாது, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வேலிக்கு அடுத்த வீடு உங்களுடையது; எனக்கு நீங்கள் கூடப் பிறக்காத மூத்த சகோதரி. குவைத் சண்டை தொடங்கிய வருடம், பக்தாதில் எட்டு வருடம் வீட்டு வேலை செய்துவிட்டு, பாலைவனத்தில் லொறி மாறி மாறி ஜோர்தானுக்கு வந்து, ஒரு தோள்பையோடு நீங்கள் ஊருக்குத் திரும்பினீர்கள். பிறந்த வீட்டுக் கதையைவிட அந்த வீட்டுக் கதைதான் உங்கள் வாயில் அதிகம். அங்கே சுஹா என்ற பிள்ளையைப் பிறந்த நாளிலிருந்து ஐந்து வயது வரை வளர்த்தது நீங்கள். பெற்றவளை அவள் ‘யும்மா’ என்றாள், உங்களை ‘மாமா’ என்றாள். அரபியில் அதுவும் உம்மாதான் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்கள்.

சில வருடம் கழித்து அவளிடமிருந்து முதல் கடிதம் வந்தது. நான்தான் நம் ஊர்த் தபால் கந்தோரில் கௌண்டரில் இருந்தேன். உங்களுக்கு அரபு கதைக்கத் தெரியும், வாசிக்கத் தெரியாது. மதரசாவில் ஓதிக்கொடுக்கும் மௌலவியிடம் இருவரும் போனோம். பள்ளிக்கூடம் நடக்கிறது, எழுதி முடித்த கொப்பியை அழித்துவிட்டு அதே தாளில் மறுபடி எழுதுகிறோம், பென்சில்தான் கிடைப்பதில்லை என்று எழுதியிருந்தாள். மௌலவி வாசித்து முடிக்குமுன் நீங்கள் எழுந்துவிட்டீர்கள்.

அடுத்த நாள் காலை ஒரு பெட்டிப் பென்சிலைத் துணியில் தைத்துக்கொண்டு கௌண்டருக்கு வந்தீர்கள். அந்த நாட்டுக்குத் தடை போட்டிருக்கிறார்கள், பார்சல் எடுக்கக் கூடாது என்று நான் சொன்னேன். பின்னேரம் வேலியடியில் காரணமும் சொன்னேன்: பென்சிலுக்குள் இருக்கும் கரி அணுகுண்டு வேலைக்கு உதவும் என்று பெரிய நாடுகள் பயப்படுகின்றனவாம், வெளிநாட்டு வானொலியில் சொன்னார்கள். நீங்கள் இருமல் வரும் வரை சிரித்தீர்கள். பிறகு முகம் மாறியது.

“அப்ப எங்கட பள்ளிக்கூடத்து ஒண்டாம் வகுப்புல எத்தின குண்டு இரிக்கி மனே?”

அந்த நாட்டை ஆட்சி செய்தவனையும் நீங்கள் விட்டுவைக்கவில்லை. பிள்ளைகள் காய்ந்து கிடக்க மாளிகை கட்டுகிறான் என்று திட்டினீர்கள். அவன் ஒரு காலத்தில் குண்டு செய்யப் பார்த்தவன்தான், அதை நானும் மறுக்கவில்லை. ஆனால் தண்டனை விழுந்தது யார் தலையில்? அவன் மேசையில் எது குறைந்தது? பிற்பாடு நமக்குப் பக்கத்தில் இரண்டு நாடுகள் மாறி மாறி உண்மையான குண்டையே வெடித்துக் காட்டின. அவர்கள் மேல் எல்லோருக்கும் நாலு நாள் கோபம், அதோடு சரி. வெடிக்க வைத்தவனோடு கைகுலுக்குகிறார்கள், வைத்திருக்கிறானோ என்று சந்தேகப்பட்டவன் வீட்டுப் பிள்ளைக்குப் பால்மா இல்லை என்று நீங்கள் கத்தியது எங்கள் கிணற்றடி வரைக்கும் கேட்டது.

நம் ஊரும் கோபப்பட்டதுதான். வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் அழுது துஆ கேட்டோம், மதிலெல்லாம் சுவரொட்டி ஒட்டினோம். ஆனால் அந்த பஸ் பயணத்துக்குப் பிறகு அந்தக் கோபத்தை நீங்கள் முழுதாக நம்பவில்லை.

அக்கரைப்பற்றுக்கு ஒரு கலியாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். நம் நாட்டிலும் சண்டை நடந்த காலம்; சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். தம்பிலுவிலுக்குப் போகும் ஒரு தமிழ் வயல்காரர் நமக்கு முன்னால் நின்றார். அவருடைய பைக்குள் டோர்ச்சுக்குப் போடும் பெட்டரி நாலு இருந்தது. வயல் வட்டையில் பன்றிக் காவலுக்கு என்று கெஞ்சினார். பெட்டரி குண்டு வைக்க உதவும், கொண்டுபோகக் கூடாது என்று ஒரு இளம் ஆமிக்காரன் பிடுங்கி வாளிக்குள் போட்டான். பஸ்ஸில் வந்த நம் ஆட்கள் எல்லோரும் கடலைப் பார்த்தோம். அந்தச் சண்டையில் நம் முஸ்லிம்களிலும் செத்தவர்கள் உண்டு, தமிழ் ஆட்களுக்கு நடந்தால் நமக்கென்ன என்ற மனம் அப்போது பலருக்கும் இருந்தது. எனக்கும் இருந்தது.

நீங்கள் மட்டும் அவனிடம் போனீர்கள். எனக்கு உத்தரவு என்று அரைகுறைத் தமிழில் அவன் சொன்னான்.

“உத்தரவு போட்டவன் எங்கயோ தூரத்துல இரிக்கான். எடுக்கிற கை உன்ட கை மனே” என்றீர்கள்.

அவனுக்கு விளங்கியதோ இல்லையோ, பஸ்ஸை அனுப்பிவிட்டான். பெட்டரி வாளியிலேயே கிடந்தது. கலியாண வீட்டில் நீங்கள் ஒரு பிடி சோறும் தின்னவில்லை.

அதற்குப் பிறகுதான் உங்களுக்கு அந்த யோசனை வந்தது. பார்சல் போகாது, கடிதம் போகும். முழுப் பென்சில் உறையில் துருத்திக்கொண்டு நிற்கும். ஒரு மஞ்சள் பென்சிலைப் பாக்குவெட்டியில் வைத்து நடுவில் நறுக்கி, ஒரு பாதியைக் கடிதத்துக்குள் சுருட்டி, சோற்றுப் பசையால் ஒட்டிக்கொண்டு வந்தீர்கள். இது போய்ச் சேர்ந்தால் மற்றது என்றீர்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. பெரிய நாடுகள் எல்லாம் கூடிப் போட்ட பூட்டை ஒரு பாக்குவெட்டி திறக்கிறதே என்று உள்ளுக்குள் ஒரு குஷி. கூர் உடையாமல் திகதி முத்திரையை ஓரத்தில் மெதுவாகக் குத்தினேன்.

நாலு மாதத்தில் பதில் வந்தது, பென்சிலால் எழுதி. ‘பாதி வந்தது மாமா. மற்றப் பாதி எங்கே?’ என்று கேட்டிருந்தாள். நீங்கள் அன்றைக்கு சந்தோஷத்தில் எங்கள் வீட்டுக்கு வட்டிலப்பம் அவித்துக் கொண்டுவந்தீர்கள். என் மனைவிக்கு அப்போது ஏழு மாதம். பிறக்கிற பிள்ளைக்கும் பென்சில் நான்தான் வாங்கித் தருவேன் என்று அவளுடைய வயிற்றைத் தடவிச் சொன்னீர்கள்.

அடுத்த நாள் மற்றப் பாதியை உறைக்குள் வைத்துக்கொண்டு வந்தீர்கள். சிரித்துக்கொண்டே வாங்கினேன்.

ராத்தா, அதற்கு முதல் நாள் ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. அந்த நாட்டுக்குப் போகும் கடிதங்களைத் திறந்து பார்ப்பார்கள், தாளைத் தவிர வேறு எது இருந்தாலும் அதை ஏற்றுக்கொண்ட அலுவலர்தான் பொறுப்பு. தபால் அதிபர் எனக்கு வாசித்துக் காட்டிக் கையெழுத்தும் வாங்கியிருந்தார். நீங்கள் கந்தோர் வாசல் படலையைத் தாண்டிப் போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பின்னறைக்குப் போய், தேத்தண்ணிக் கேத்தலின் ஆவியில் உறையைப் பிடித்துத் திறந்து, பென்சிலை எடுத்துக்கொண்டு, கந்தோர்ப் பசையால் ஒட்டி அனுப்பினேன். கடிதம் மட்டும் போனது.

உங்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ராத்தா, எனக்குப் பயமாக இருக்கிறது, வேலை போய்விடும் என்று சொல்லியிருந்தால் நீங்கள் திட்டிவிட்டு விட்டிருப்பீர்கள். சொல்லவில்லை. உங்களுக்கு முன்னால் நல்லவனாகவும் இருக்க வேண்டும், மேலிடத்துக்குப் பயந்தவனாகவும் இருக்க வேண்டும் என்று இரண்டுக்கும் ஆசைப்பட்டேன்.

அவளுடைய பதில் வந்த நாளை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ‘கடிதம் வந்தது, பென்சில் இல்லை. உறை கிழியவும் இல்லை. வைக்க மறந்துவிட்டாயா மாமா?’ மௌலவி வீட்டிலிருந்து நேரே கௌண்டருக்கு வந்தீர்கள். வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

“நான் மறப்பனா மனே? அந்தப் புள்ளக்கி நான் மறப்பனா?” என்று என்னிடம்தான் கேட்டீர்கள்.

வழியில் யாரோ எடுத்திருப்பார்கள் என்று நான் சொன்னேன். அப்போதுதான் இரண்டு கையையும் ஏந்தினீர்கள்.

“யா அல்லாஹ், எந்தக் கை அத எடுத்திச்சோ, அந்தக் கையால ஒரு நல்லதும் நடக்காமப் போகட்டும்.”

வரிசையில் நின்றவர்கள் ஆமீன் சொன்னார்கள். நானும் சொன்னேன். கௌண்டருக்கு உள்ளே உட்கார்ந்துகொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, ஆமீன் என்று சொன்னேன்.

நீங்கள் அதற்குப் பிறகு பென்சில் வைக்கவில்லை. அனுப்பி என்ன, எடுத்துப்போடுவார்கள் என்றீர்கள். சுஹாவிடமிருந்தும் கடிதம் வரவில்லை. மாமா மறந்துவிட்டாள் என்று நினைத்தாளோ, வேறு என்ன ஆனதோ, எனக்குத் தெரியாது. அவள் இருந்தால் இப்போது கலியாண வயது.

இத்தனை வருடமும் நான் அந்தப் பெரிய நாடுகளைத் திட்டித்தான் வாழ்ந்தேன். இப்போதும் திட்டுகிறேன். அவர்கள் செய்தது அநியாயம், அதற்கு ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கமாட்டார்கள். ஆனால் அவர்களில் ஒருவரும் அந்தப் பிள்ளையின் பென்சிலைத் தொடவில்லை, ராத்தா. தொட்டது என் கை. இன்று காலை என் பிள்ளைக்கு அடித்ததும் அதே கைதான்.

பின்னேரம் அவளாகவே என்னிடம் வந்தாள். கோபம் தீர்ந்திருந்தது. பென்சிலின் நறுக்கிய முனையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“இதுட மத்தப் பாதி எங்க வாப்பா?”

தூரத்தில் ஒரு பிள்ளையிடம் இருக்கிறது என்றேன். அப்படியென்றால் இது யாருடையது என்றாள். இதுவும் அந்தப் பிள்ளையுடையதுதான் என்றேன்.

“அப்ப ஏன் உங்கட்ட இரிக்கி?”

அவளை விளையாட அனுப்பிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். உங்களுக்குச் சொல்லிவிட்டேன் ராத்தா. அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.