எறிக் மதிப்பிட்ட துப்பாக்கி

டார்னெய்ட், மெல்பேர்ண்

அன்புள்ள லக்சிகாவுக்கு,

நான் சுகம். உன் கால்வலி குறைந்ததா?

நேற்று எங்கள் துப்பாக்கிக் கடைக்கு ஒரு வெள்ளைக்கார அம்மா, காலமான கணவரின் பழைய துப்பாக்கியை, அடியிலுள்ள லீவரை இழுத்துக் குண்டேற்றும் வகை, விற்க வந்தார். இறுகிக் கிடந்த லீவரைத் திருத்தியவன் நான். ஆனால் என்னோடு வேலைசெய்யும் எறிக், குழலிலிருந்த இலக்கத்தைப் பார்த்து, நூறு வருடம் பழையது, நல்ல விலை போகும் என்றதும் நன்றியெல்லாம் அவனுக்குத்தான். பொறாமையில், மரப்பிடியை யாரோ புதிதாக மினுக்கிப் பழைய மெருகைக் கெடுத்திருப்பதால் அரைவிலைதான் போகும் என்றேன். மினுக்கியது தன் கணவர்தான் என்று சொல்லி, அந்த அம்மா அதை விற்காமலே கொண்டுபோனார்.

எறிக் கோபிக்கவில்லை. "நீ சொன்னது சரிதான் மச்சான், வா சாப்பிடுவம்" என்று, விசாக் கிடைத்துப் போன மாதம் வந்த தன் மனைவி சமைத்த நண்டுக்கறியில் பாதியைத் தந்தான். ஒவ்வொரு வாய்க்கும் அவன்மேல் பொறாமைதான்.

மிளகாய்த்தூள் அனுப்பு. நான் அனுப்பிய உன் விசாப் படிவத்தில் இன்றே கையெழுத்துப் போடு. பஸ் வந்துவிட்டது.

உன்
அருந்தவன்