லைட்டப் போட்டா நிக்கிற வைப்பர்

ஐப்பசி, செவ்வாய் ராத்திரி.

நேத்து நான் வைப்பர் மோட்டாருக்கு வயர் மாத்திக் குடுத்த எஸ்டேட் ஜீப்பு, இன்னைக்கு மேகமலை ஏத்தத்துல மழையில நின்னுருக்கு. ஹெட்லைட்டப் போட்டா வைப்பர் ஓடல. அதுல வேலைக்குப் போன பொம்பளைக, மழத்தண்ணி கண்ணாடியில ஒட்டாம வழிய, சுருக்குப்பைப் பொயலைய அதுல தேய்ச்சுத்தான் மேல போயிருக்காக.

பட்டறை வெயில்ல வைப்பர மட்டும் ஓட்டிப் பாத்தேன், லைட்டப் போட்டுப் பாக்கல. சாயந்தரம் கழட்டினா, லைட்டுக்கும் வைப்பருக்கும் பொதுவான எர்த் வயரப் பெயிண்டு மேலயே முடுக்கியிருக்கேன்; ரெண்டையும் சேத்துப் போட்டா கரண்டு பத்தாது. பெயிண்டச் சுரண்டி மாட்டுனதும் ரெண்டும் ஓடுச்சு.

டிரைவர் அண்ணன் தலையச் சொறிஞ்சாக. "லைட்டப் போட்டு நாந்தான் கெடுத்துட்டேனா தம்பி?"

"ஆமாண்ணே, பாத்துப் போடுங்க"ன்னுட்டேன்.

சரின்னு போயிட்டாக. காலையில மூடுபனிக்குள்ள அந்த மனுசன் லைட்டப் போட யோசிப்பாக.