கேப்டன் சொல்வதே பதில்

மார்ச் 3, ஞாயிறு

இன்று கண் சுற்று. பழைய நடிகை ஒருத்தியின் கண்களை மட்டும் திரையில் காட்டிப் பெயர் கேட்டார்கள். மூக்கு கிடையாது, வாய் கிடையாது. நான் பெயரை இவர் காதில் சொன்னேன். இவர் உடனே சொல்லிவிடுவாரா என்ன? நெற்றியைத் தடவினார், கூரையைப் பார்த்தார், "இந்தக் கண்ண எங்கயோ பார்த்திருக்கேனே" என்று மைக்கில் இழுத்தார், பிறகு சொன்னார். கிளப் ஹால் முழுக்கக் கைதட்டல். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, ஒருவேளை நிஜமாகவே யோசித்துத்தான் சொன்னாரோ என்று.

ஞாயிறு மாலை வினாடி வினாவில் கேப்டன் சொல்வதுதான் பதில். கூட இருப்பவர்கள் காதில் ஓதலாம், மைக்கைத் தொடக்கூடாது. கேள்வி கேட்பவர் வானொலியில் அறிவிப்பாளராக இருந்தவர், எல்லோருக்கும் ரேடியோக்காரர். அவர் போட்ட சட்டம் இது. எங்கள் மேசையில் நாங்கள் இரண்டு பேர்தான். ஆரம்பத்திலிருந்தே என் கணவர்தான் கேப்டன். கிளப்பில் இவருக்குப் பட்டப்பெயர் 'அட்லஸ்'.

அட்லஸாம்! பெரு எந்தக் கண்டத்தில் இருக்கிறது என்று போன வாரம் என்னைக் கேட்டது அந்த அட்லஸ்.

மார்ச் 5, செவ்வாய்

எங்கள் விமான டிக்கெட் ஆபீசுக்கு கிளப் செயலாளர் வந்திருந்தார். மூன்று விமானம் மாறிப் போகிற பயணம். எங்கே இறங்கினால் விசா கேட்பார்கள், எங்கே கேட்கமாட்டார்கள் என்று பார்த்துப் பார்த்துப் போட்டுக் கொடுத்தேன். எழுந்து போகும்போது, வீட்டிலேயே அட்லஸ் இருப்பதால் எனக்கு வேலை சுலபமாக இருக்குமே என்றார். சிரித்துவைத்தேன்.

மார்ச் 17, ஞாயிறு

வாயைத் திறந்து கேட்டே விட்டேன். ஒரே ஒரு வாரம் நான் கேப்டனாக இருக்கிறேனே என்று. ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தவர் கோபப்படவில்லை. சிரித்தார்.

"மைக்ல பேசறதுக்கு ஒரு இது வேணும். நீ பதட்டத்துல உளறிடுவ."

அந்த 'இது' எது என்று கடைசிவரை சொல்லவில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை முன்பின் தெரியாதவர்களோடு பேசித்தான் நான் சம்பளம் வாங்குகிறேன்.

மகள் சோபாவில் படுத்து ஃபோனில் ஆடிக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு நாட்டுத் தெருவின் படம் வரும், அது எந்த நாடு என்று சொல்லவேண்டும். விளக்குக் கம்பத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். கல்லூரிப் பாடத்தில் இந்தக் கவனம் இருந்தால் தேவலை. தலையைத் தூக்காமலே, "விடும்மா, யார் சொன்னா என்ன, மார்க் வந்தா சரி" என்றாள்.

சரிதானா? எனக்கு மார்க்கா வேண்டும்? கைதட்டல்கூட வேண்டாம். திரும்பி வரும்போது காருக்குள், யாருக்கும் கேட்காமல், 'நீ சொன்னதுதான்' என்று ஒரு வார்த்தை. அதுகூட வரமாட்டேங்குதே இந்த மனுஷன் வாயில.

மார்ச் 31, ஞாயிறு

இறுதிப் போட்டி. எங்களுக்கும் பல் டாக்டரம்மா மேசைக்கும் சமமான மார்க். கடைசிக் கேள்வி: உலகத்திலேயே மிக அதிக நேர மண்டலங்கள் கொண்ட நாடு எது?

கேட்டவுடன் எல்லோருக்கும் ரஷ்யா என்றுதான் தோன்றும். பிரான்ஸ். கடலுக்கு ஒன்றாக அதற்குத் தீவுகள் சிதறிக் கிடக்கின்றன, அதனால். நான் குனிந்து, "ரஷ்யான்னு தோணும், ஆனா..." என்று ஆரம்பித்தேன். எப்போதும் அப்படித்தான் சொல்வேன். முதலில் ஏமாற்றுகிற பதிலைச் சொல்லித் தள்ளிவிட்டு, பிறகு சரியானதைச் சொல்வேன். அது இவருக்குத் தெரியாததா? ஆனால் எதிர்மேசையில் ஒரு கை மணியை நோக்கிப் போனது. இவர் பதறிப்போய் மணியை அடித்தார், "ரஷ்யா" என்றார். நான் பிரான்ஸ் என்று சொல்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கோப்பை பல் டாக்டரம்மாவுக்குப் போனது. அதோடு விட்டிருக்கலாம். மைக்கை வாங்கி, "சாரி, என் மனைவி ரஷ்யான்னு சொன்னா, நம்பிட்டேன்" என்றார். ஹால் சிரித்தது. வெளியே வரும்போது யாரோ ஒரு அம்மாள் என் தோளைத் தட்டி, அடுத்த தடவை கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் என்று ஆறுதல் வேறு.

இத்தனை காலமாக வந்த சரியான பதிலெல்லாம் இவருடையது. தப்பாக ஒன்று வந்தது, அது மட்டும் என்னுடையது.

ஏப்ரல் 1, திங்கள்

'ஆனா'ன்னு சொன்னேனே, காது என்ன அடைச்சா போச்சு?

காலையில் கேட்டேன். அத்தனை பேர் முன்னால் வேறு என்ன சொல்லச் சொல்கிறாய், நான்தான் அவசரப்பட்டேன் என்றா, என்று திருப்பிக் கேட்டார். ஆமா. அதத்தான் சொல்லியிருக்கணும். இதுல என்ன கேள்வி வேண்டிக்கிடக்கு?

ஏப்ரல் 6, சனி

பல் டாக்டரம்மா ஆபீசுக்கு வந்தார். எங்கும் பயணம் போகவில்லையாம். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"தப்பான பதில நீங்க சொன்னதா சொல்லிட்டார். அப்ப மத்ததெல்லாம் யார் சொன்னது?"

இப்படி ஒரு கேள்வியை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அவர் மேசையில் ஒருவர் வேலை மாற்றலாகிப் போகிறாராம். தனக்குப் பாட்டும் படமும்தான் வரும், பூகோளம் சுத்தமாக வராது, நீங்களே கேப்டனாக இருங்கள் என்றார். யோசிக்கிறேன் என்று மரியாதைக்குக்கூடச் சொல்லவில்லை. வருகிறேன் என்றேன்.

வீட்டில் சொன்னேன். "போயேன், யார் வேணாம்னா?" என்றார். டிவி சத்தத்தைக் கூட்டினார்.

ஏப்ரல் 21, ஞாயிறு

முதல் கேள்விக்குப் பதிலை மைக்கில் அவசரமாகச் சொல்லி முடித்தேன். இரண்டாவதை நிதானமாகச் சொன்னேன். பாட்டு சுற்றில் இரண்டு விநாடி வயலினை மட்டும் போட்டார்கள். டாக்டரம்மா காதில் சொன்னதை நான் மைக்கில் சொல்லிவிட்டு, "சொன்னது டாக்டரம்மா" என்றும் சேர்த்தேன். ரேடியோக்காரர் விநோதமாகப் பார்த்தார். பார்க்கட்டும்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, எதிர்மேசையை நிமிர்ந்து பார்க்கும்வரை. நான் உட்காரும் நாற்காலியில் என் மகள். தாமதமாக வந்து உட்கார்ந்திருக்கிறாள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கையால் வாயை மறைத்துக்கொண்டு அப்பா காதில் என்னவோ சொன்னாள். அவர் நெற்றியைத் தடவினார். கூரையைப் பார்த்தார். பிறகு கைதட்டல்.

அதற்குப் பிறகு எந்தக் கேள்வியும் என் காதில் விழவில்லை.

ஏப்ரல் 23, செவ்வாய்

சமையலறையில் அவளை நிறுத்திக் கேட்டேன். அப்பா தனியாக உட்கார்ந்திருந்தால் பார்க்கப் பாவமாக இருக்குமாம். தனக்கு மைக்கெல்லாம் வேண்டாமாம்.

"வேண்டாம்னு சொல்றியா, கேட்டாலும் தரமாட்டார்னு சொல்றியா?"

தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். கடுமையாகத்தான் கேட்டேன். என்னை யாராவது இப்படிக் கேட்டிருந்தால் நானும் தட்டைப் போட்டுவிட்டுத்தான் போயிருப்பேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு

போட்டிக்குப் போனோம், வந்தோம்.

மே 5, ஞாயிறு

கை ஓடவில்லை, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

கடைசிச் சுற்று. அப்பாவும் மகளும் எங்களைவிட ஒரு மார்க் பின்னால், மூன்றாவது மேசை எங்களுக்குச் சமமாக. ரேடியோக்காரர் இவர்கள் மேசையைக் கேட்டார்: ஒரு நாட்டுக்குக் கடல் கிடையாது, அதைச் சுற்றியுள்ள நாடுகளுக்கும் கடல் கிடையாது. அப்படி உலகத்தில் இரண்டே நாடுகள். ஒன்று உஸ்பெகிஸ்தான், இன்னொன்று எது?

அவள் காதில் சொன்னாள். இவர் வழக்கம்போல ஆரம்பித்தார். "இத எங்கயோ படிச்சிருக்கேனே..." கூரை, நெற்றி, எல்லாம். மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று குனிந்து மைக்கில், "லிக்டன்ஸ்டைன்" என்றாள். சத்தமாகக்கூட இல்லை.

கேப்டன் சொல்லவில்லை, அதனால் செல்லாது என்றார் ரேடியோக்காரர். இவர் அவசரமாக அதையே திருப்பிச் சொன்னார். அதுவும் செல்லாது, முதலில் வந்ததுதான் கணக்கு. கேள்வி அடுத்த மேசைக்கு வந்தது, அதாவது எங்களுக்கு.

ஹால் முழுக்கக் கேட்ட பதில். அதைத் திருப்பிச் சொன்னால் முதலிடம். டாக்டரம்மா என் முழங்கையை இடித்தார். போதாக்குறைக்கு, யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்த பதில்தான் அது. மைக்கை எடுத்தேன்.

"அது என் பொண்ணு சொன்ன பதில். நான் எடுத்துக்க மாட்டேன்."

அப்படியென்றால் பாஸா என்று கேட்டார். பாஸ் என்றேன். கேள்வி மூன்றாவது மேசைக்குப் போனது. அவர்கள் கூசாமல் சொல்லி ஜெயித்தார்கள்.

டாக்டரம்மா அதன்பிறகு முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த வாரம் என்னைக் கூப்பிடுவாரா என்பது சந்தேகம்தான். இவர் யாரையும் பார்க்காமல் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நானும் மகளும் பஸ்ஸுக்காக நின்றோம். ஃபோனை நோண்டிக்கொண்டே கேட்டாள்.

"உனக்கும் அந்த பதில் தெரியும்தானேம்மா?"

தெரியும் என்றேன்.