ஓட்டைக்காசின் வருடம்

சென்னை,
20.10.1958

அன்புள்ள அத்தைக்கு வணக்கம். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? கரிசலில் மழை விழுந்ததா?

சண்டை முடிந்ததும் பட்டாளத்திலிருந்து திரும்பிய இஸ்ரவேல் அண்ணன் கொண்டுவந்து தந்த உங்கள் மகனுடைய காசு முடிச்சை, நீங்கள் சொன்னபடி ஒரு பழங்காசு வியாபாரியிடம் காட்டினேன். அவர் நம் நாகலாபுரத்துக்காரர். முடிச்சிலிருந்த ஓட்டைக்காசைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெள்ளீயம் டீச்சரம்மா, விலை ஒண்ணும் பெறாது. சப்பான் ராசா பட்டமேறுன கணக்குல பத்தொம்பதாம் வருசம்னு போட்டிருக்கான். நமக்கு அது நாப்பத்து நாலு" என்றார்.

அவர்கள் சிங்கப்பூரில் இறந்ததாகப் பட்டாளத்துக் கடிதம் சொன்னது நாற்பத்திரண்டில் அல்லவா? வியாபாரி தவறாகவும் படித்திருக்கலாம். நீங்கள் கலங்க வேண்டாம்.

முடிச்சை யார் கையிலிருந்து வாங்கினார் என்று அண்ணனிடம் கேட்டு எழுதுங்கள். இங்கே இதைப் பேச எனக்கு ஆளில்லை. கல்லறைத் திருநாளில் இறந்தவர்களுக்காக வைக்கும் பூசைக்கு இந்த வருடம் அவர்கள் பெயரைக் கொடுக்காதீர்கள்.

தபாலுக்கு நேரமாகிறது.

மருமகள்
பிலோமினா