மூன்றாவது வரிசை

ஆகுர்டி, பூனா
12.10.2003

அன்புள்ள கோகுலுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பளவில் சுகமாகவே இருக்கிறோம், அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், நீயும் வைஷுவும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். இங்கே மழை ஒருவழியாக விட்டு மாடியில் துணி காய்கிறது. போன மாதம் நீ போனில் நாடகம் எப்படிப் போயிற்று என்று கேட்டாய், ஹவுஸ்ஃபுல், ஜமாய்த்துவிட்டோம் என்றேன். ஹவுஸ்ஃபுல் என்பது நிஜம்தான். மீதியைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

தியேட்டரில் எனக்கு மார்க்கெட்டிங் வேலை என்று நீ அங்கே எல்லோரிடமும் பெருமையாகச் சொல்கிறாயாம், வைஷு சொன்னாள். மராத்தி நாடகத்துக்கு ஆள் சேர்ப்பது அவ்வளவு கஷ்டமில்லை, ஃபிளாட் சொசைட்டிகள் ஒவ்வொன்றாகப் போய்ச் சொன்னால் போதும். இந்த முறை சென்னையிலிருந்து ஒரு குழு தமிழ் நாடகம் கொண்டுவந்தது, தமிழ் தெரிந்தவள் என்று பொறுப்பு முழுக்க என் தலையில் விழுந்தது. நம் பிள்ளைகள் நிறைய வேலை பார்க்கிற ஹிஞ்சேவாடி கம்ப்யூட்டர் கம்பெனிகளில் ஏறி இறங்கினேன், பார்க்கலாம் மேடம் என்றார்களே தவிர ஒருவரும் டிக்கெட் எடுக்கவில்லை. விளம்பரம் கொடுத்தவர்கள் வரும்போது நாற்காலி காலியாகத் தெரிந்தால் அடுத்த தடவை கையை விரித்துவிடுவார்கள், இலவசப் பாஸ் கொடுத்தாவது நிரப்புங்கள் என்றார் மேனேஜர் பாபட். நம் லைன் வீடுகளில், அப்பாவோடு ஃபாக்டரியில் வேலை பார்த்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போய்க் கொடுத்தேன். முதலில் அந்தோணியம்மாள் வீடுதான். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உனக்கு வேளாவேளைக்குச் சோறு போட்டவள் அல்லவா. "நம்ம பேச்ச மேடையில கேட்டு எவ்வளவு நாளாச்சுக்கா, எங்க வீட்டுக்காரரு ஷிஃப்ட மாத்திக்கிட்டாவது வந்துருவாரு" என்று அத்தனை சந்தோஷப்பட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சீக்கிரமே வந்துவிட்டார்கள், பெண்கள் பட்டுப்புடவையில், குழந்தைகள் தலை நிறையப் பூவோடு. நானே அவர்களை மூன்றாவது வரிசையில் உட்காரவைத்தேன், அப்பாவையும் அவர்கள் பக்கத்தில். திரை தூக்கப் போகிற நேரத்தில் ஹிஞ்சேவாடியிலிருந்து கம்பெனி பஸ்கள் வந்து நின்றன. கடைசி நேரத்தில் மொத்தமாக டிக்கெட் எடுத்திருக்கிறார்கள், பாபட் என்னிடம் சொல்லவேயில்லை. பாஸ்காரர்களை எழுப்புங்கள், உங்கள் ஜனங்கள்தானே, நீங்களே சொல்லிவிடுங்கள் என்றார். முடியாது என்று சொல்லியிருக்கலாம் கோகுல். சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்கூட இல்லை, பஸ்ஸில் வந்தவர்கள் எங்கள் சீட் எங்கே என்று இங்கிலீஷில் என்னைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள், அவர்கள் முன்னால் கெட்டிக்காரியாகத் தெரிய வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். நேரே போய், கொஞ்சம் எழுந்துக்குங்க, இதெல்லாம் காசு கொடுத்தவங்க சீட்டு என்றேன். அந்தோணியம்மாள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். முணுமுணுத்த மற்றவர்களிடம், "எந்திரிங்க எந்திரிங்க, அக்காவுக்குச் சங்கடம் வேணாம்" என்று அவளே எல்லோரையும் கிளப்பினாள். நீங்க உக்காருங்க என்று அப்பாவிடம் மெதுவாகச் சொன்னேன். "நானும் பாஸ்லதான் வந்தேன்" என்றார், முன் நாற்காலியைப் பிடித்து எழுந்து அவர்களோடு நடந்துவிட்டார். வராந்தாவில் கொஞ்ச நேரம் நின்றார்களாம், உள்ளே ஜனங்கள் சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டதாம், பிறகு பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது, சாப்பாடு, மருந்து தவிர ஒரு பேச்சு இல்லை.

மறுநாள் அந்தோணியம்மாள் வீட்டுக்குப் போனேன். நாற்காலி போட்டு, டீ கொடுத்து, "பரவால்ல மேடம், உங்க வேல அப்படி" என்றாள். உன்னை நான் பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாளிலிருந்து என்னை அக்கா என்றே கூப்பிட்டவள். டீயை எப்படிக் குடித்து முடித்தேன் என்று தெரியவில்லை. இந்த மாதம் அதே குழு மறுபடி வந்தது. பாஸிலும் சீட் நம்பர் போட வேண்டும், கொடுத்த இடத்தைத் திரும்பக் கேட்கக் கூடாது, இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பாபட்டிடம் சொன்னேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் ஒத்துக்கொண்டார். அவளுக்கும் வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் அதே வரிசையில் பாஸ் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி அலமாரியில் வைத்தாள், வருகிறேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நேற்று நாடகம். லைன்காரர்கள் சிலர் வந்தார்கள், அப்பாகூட வந்தார், அவள் வரவில்லை. யாரோ பெரிய மனிதர் குடும்பம் நிற்கிறது, காலியாகக் கிடக்கிற நாற்காலிகளைக் கொடுங்கள் என்று பாபட் வந்து வந்து கேட்டார். அதற்கு ஆள் இருக்கிறது என்றேன். நாடகம் முடிகிறவரை அந்த வரிசை ஓரத்திலேயே நின்றேன், ஒருவரையும் உட்காரவிடவில்லை. திரும்பி வரும்போது அப்பா, "இவ்வளவு நேரம் நின்னியே, கால் வலிக்கலையா" என்று கேட்டார். பஸ் என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் பார்சல் அனுப்புகிறேன், வைஷுவுக்கு எண்ணெய் ஆகாது என்றால் நீயே எல்லாவற்றையும் தின்று தீர்க்காதே. இரண்டு பேரும் ஒற்றுமையாக, குறைவில்லாமல் நீடூழி இருக்க வேண்டும், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. ஒன்று மட்டும் மறக்காதே. அந்தோணியம்மாளுக்கு நீ போன் செய்து சமாதானம் பேசிவிடாதே. நீ கேட்டால் உன்மேல் இருக்கிற பிரியத்தில் உடனே சரி என்றுவிடுவாள், எனக்கு அது வேண்டாம். நானே போகிறேன், அவள் பழையபடி அக்கா என்று கதவைத் திறக்கிறவரை போகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
சியாமளா